மிரர் பண்ணிய வீடுகளின் குழிகள்

யோகேஸ்வரி அக்கா எங்கள் சுனாமி வீட்டுத்திட்ட அலுவலகத்துக்குள் வந்தபோது கையில் ஒரு முளைக்கட்டை இருந்தது. காணியில் இடம் அளந்து அடிக்கும், சிவப்பு மை பூசிய கட்டை. அதைப் பிடுங்கிக்கொண்டு குருக்கள்மடம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வாவிக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்த காலம். மூன்று இடத்தில் இறங்கிச் சோதனை முடித்து வந்தவர், கட்டையை மண்ணோடு என் மேசையில் வைத்தார்.

"தம்பி, இத ஆரு என்ட கிணத்தடியில அடிக்கச் சொன்ன?"

"கக்கூஸ் குழிக்கான அடையாளம் அக்கா" என்றேன்.

"அதத்தான் கேக்கன். சுனாமி உப்புத் தண்ணிய இறைச்சு இறைச்சு, இப்பதான் தண்ணி வாயில வைக்கக்கூடியதா இரிக்கு. நாளைக்கு அதுக்குப் பக்கத்தில குழி வெட்டினா புள்ளைகளுக்கு என்னத்தக் குடுக்க?"

பொறியியலாளர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, அது கொம்பியூட்டர் போட்ட அளவு. பிழைக்காது."

"கொம்பியூட்டர் வந்து என்ட கிணத்தப் பாத்ததா?"

நான் அந்த வீட்டுத்திட்டத்துக்குப் படம் வரைபவன். வீடுகள் அவரவர் பழைய காணியிலேயே எழும்பின, பழைய கிணறுகளும் அங்கேயே இருந்தன. ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் குழியை ஒரு பிளாக்காக, அதாவது ஒரே தொகுதியாக வரைந்து, அதை வீடு என்ற பெரிய பிளாக்குக்குள் வைத்திருந்தேன். கிணறு குழிப் பக்கமாக இருந்த காணிகளில் மட்டும் வீட்டை இடம் வலமாகப் புரட்டிப் போட்டோம். மிரர் என்போம். கிணற்றிலிருந்து குழி விலக வேண்டும் என்பதற்காகவே அந்த வேலை.

பிறகு குழிகளை மட்டும் தனிப் படமாகக் கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து கையால் பிரதி எடுக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முகப்பிலிருந்த மூன்று வீடுகளைச் சரிபார்த்துவிட்டுப் பொறியியலாளரின் கையெழுத்துக்குக் கொடுத்தேன்.

அக்காவை இருக்கச் சொல்லிவிட்டு அவருடைய காணியைத் திறந்தேன். வீட்டுப் பிளாக்கின் எக்ஸ் ஸ்கேல் மைனஸ் ஒன்று. புரட்டிய வீடு. என் ஸ்கிரிப்ட் வீடு நின்ற இடத்தையும் திரும்பிய கோணத்தையும் எடுத்திருந்தது, புரட்டியதை எடுக்கவில்லை. குழி நேரே கிணற்றடிக்குப் போய்விட்டது. நான் சரிபார்த்த மூன்று வீட்டில் ஒன்றும் மிரர் பண்ணியது இல்லை.

எழுந்து உள்ளறைக்குப் போய்ச் சொன்னேன். "சேர், அக்கா சொல்றது சரி. பிழை என்னிலதான்."

"எத்தின வீடு?"

"மிரர் பண்ணின அவ்வளவும். பதினொண்டு."

அவர் ஏசவில்லை. "வாகனத்த எடுக்கச் சொல்லு" என்றார். அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

அக்காவின் பக்கத்து வீட்டில் மீன்பிடிக்கிற ஒருவர். குழி வெட்டும் ஆட்கள் மறுநாள் வரும்வரை பார்த்திருக்காமல் தானே வெட்டத் தொடங்கி, இடுப்பளவு ஆழத்தில் நின்றார். அவருடைய கிணறு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது.

"கிணறு பழுதாப் போகும் எண்டு தெரியல்லையா அண்ணன்?" என்று கேட்டேன்.

"தெரியும் சேர்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "குறை சொன்னா வீட்ட வேற ஆக்களுக்குக் குடுத்திருவீங்க எண்டு பயம். கோயில் கிணத்தில தண்ணி எடுப்பம் எண்டு பொஞ்சாதியும் சொல்லிற்றா."

எனக்கு அழுகை வந்தது. பிழை விட்டவன் நான். அவர் என்னை சேர் என்கிறார்.

அவர் வெட்டிய குழியை மூடி, பதினொரு வீட்டிலும் கிணற்றிலிருந்து விலக்கி அளந்து கட்டை அடித்தோம். ஸ்கிரிப்டைத் திருத்தக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். உள்ளே இருக்கும் பிளாக்கைப் பிரதி எடுக்கும்போது வெளிப் பிளாக்கின் ஸ்கேலையும் சேர்த்துப் பெருக்குங்கள். புரட்டிய ஒன்றை எடுத்துச் சோதியுங்கள். அதற்குப் பிறகு காணிக்குப் போங்கள். முறைப்பாடு வரவில்லை என்பதற்காகப் படம் சரியென்று இருந்துவிடாதீர்கள். அன்று பிழை பதினொரு வீட்டில். வாய் திறந்து கேட்டவர் ஒருவர்தான்.