பசையெடுக்கும் மயில்வாகனம்

வெண்டைக்காய் வாங்க வருகிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். மயில்வாகனம் ஒடிக்க மாட்டார். ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தேய்ப்பார். பெரிய காஞ்சிபுரத்தில் காய் விற்கும் அன்னம்மாளுக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாண்ணா, பட்டு வாங்கவா வந்துக்கிற? வெண்டக்காண்ணா அது. ஒடிச்சிப் பாத்து கூடையில போடு."

"பசை எவ்ளோ இருக்குதுன்னு பாக்கறம்மா."

"அது உள்ள இருக்குது. நீ மேல தடவிக்கினு இருந்தா தெரிஞ்சிடுமா?"

அவர் காதில் வாங்குவதில்லை. அந்த இரண்டு விரல்கள்தான் அவருடைய பிழைப்பு. சாயப்பட்டறை ஒன்றில் முப்பத்தொரு வருடமாகப் பசையெடுக்கிறார். கச்சாப் பட்டு நூல், புழு சுற்றிய பசையோடுதான் வந்து சேரும். தொட்டால் வைக்கோல் போல விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் தோய்த்து அந்தப் பசையைக் கழற்றினால்தான் சாயம் ஏறும், மினுமினுப்பு வரும். எப்போது வெளியே எடுப்பது என்பதற்கு அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. ஓர் இழையை விரலிடுக்கில் தேய்ப்பார். காய்ந்த பிறகு ஒரு கழி நூலை முறுக்கிக் காதருகே பிடிப்பார். கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் பசை போய்விட்டது. "இப்ப பேசுது பாரு" என்பார், ஏதோ தன் பிள்ளை பேசிவிட்ட மாதிரி.

சோடாத் தண்ணீரில் கிடந்து கிடந்து அவர் கைரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவரை ஆளென்றே ஒப்புக்கொள்வதில்லை. மனைவி கமலவேணிதான் போய் விரல் வைத்து அரிசி வாங்கிவருவாள். ரேஷன் கடை என்றில்லை, பட்டறைக்கு வெளியே உள்ள உலகம் முழுவதிலும் அவருக்குப் பதிலாக விரல் வைத்தவள் அவள்தான். காய் வாங்கிவருவது அவர் வேலை. அது குழம்பாகும் விவரம் அவருக்குத் தெரியாது.

போன மாதம் கமலவேணிக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் விட்டது, வாய்க்கசப்பு விடவில்லை. கஞ்சியைக் கண்டாலே குமட்டினாள். எதிர்வீட்டு லோகாம்பாள் கொண்டுவந்த ரசம் சாதம் மூடி திறக்காமலே திரும்பிப் போனது. கை இளைத்து, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "வாய்க்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சாப்பிடலன்னா அட்மிட் பண்ணி டிரிப்ஸ்தான் ஏத்தணும்" என்று டாக்டர் சொன்னது செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக ஒன்றைக் கேட்டாள்.

"வெண்டக்கா புளிக்கொழம்பு சாப்புடணும் போல இருக்குதுங்க. லோகாக்கா கிட்ட கேக்காதீங்க. அவங்க வெச்சா கொழகொழன்னு இருக்கும். எனக்கு வாந்தி வந்துடும்."

மயில்வாகனம் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் வெக்கிறேன். பசை எடுக்கறதுதான கமலா? ஊரே என்கிட்ட வந்துக்கினு இருக்குது."

அவருக்குத் தெரிந்த வழியில்தான் செய்தார். காயை நறுக்கினார். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவும் சேர்த்து, உள்ளே போட்டார். சோப்புப் போடவில்லை என்பது ஒன்றுதான் அவர் காட்டிய கருணை. நூல் கழியைத் தோய்ப்பதுபோல் கரண்டியை மேலும் கீழும் ஆட்டினார். பசை வந்தது. வடித்துவிட்டு வேறு தண்ணீர் மாற்றினார். முன்னைவிட அதிகமாக வந்தது. பட்டில் இரண்டாம் தண்ணீரிலேயே அடங்கிவிடும் சங்கதி, இங்கே நான்காம் தண்ணீரிலும் பொங்கிக்கொண்டிருந்தது. கரண்டியைத் தூக்கினால் பாத்திரம் வரைக்கும் நூல் இறங்கியது. தறியில் ஏற்றாததுதான் பாக்கி.

வைத்ததைக் கொண்டுபோய் நீட்டினார். கமலவேணி ஒரு துண்டை ஸ்பூனால் எடுத்தாள். அது வாலோடு வந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பார்த்தவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். பட்டறையில் பக்கத்துத் தொட்டியில் நிற்கும் முனிசாமி, "மோர்ல ஊற வைண்ணா" என்றான். லோகாம்பாள், "மூடி வெச்சி வேக விடுப்பா" என்றாள். ஓரகடத்தில் வேலை பார்க்கும் மகள் அகிலா போனில் பதறினாள். "ஐயோ, மூடவே கூடாதுப்பா. உப்பு லாஸ்ட்ல போடு." அன்னம்மாளோ, "தண்ணியே காட்டாதண்ணா" என்று முடித்துவிட்டாள். மயில்வாகனத்துக்குத் தலை சுற்றியது. தண்ணீர் காட்டாமல் எந்தப் பசை போகும்? ஆனால் நான்கு பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும் நான்கு பேர் வீட்டிலும் வெண்டைக்காய் தின்கிறார்கள். யாரையும் பொய் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே நான்கையும் செய்தார். காயை மோரில் ஊறவைத்தார், எடுத்துத் துடைத்தார், பாதி நேரம் மூடினார், பாதி நேரம் திறந்தார். குழம்பும் இல்லாமல் பச்சடியும் இல்லாமல் ஒன்று திரண்டு வந்தது.

கமலவேணி அதை முகர்ந்துவிட்டு, "வேணாங்க, விடுங்க" என்றாள். திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். குரலே இல்லாமல் அவள் சொன்னதுதான் அவரைப் பயமுறுத்திவிட்டது. அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

வியாழக்கிழமை காலை பட்டறையில் கச்சாப் பட்டுப் பொதியைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"முனிசாமி, இதுல அவ்ளோ பசை இருக்குதே, கையில ஒட்டலையே?"

"இன்னாண்ணா புதுசா கேக்கற? காஞ்சி கெடக்குது. தண்ணில போட்டாதான கழலும்."

முப்பத்தொரு வருடமாகத் தெரிந்த விஷயம். காய்ந்து கிடந்தால் ஒட்டாது, ஆனால் தண்ணீர் காட்டாமல் போகவும் போகாது. அதை அடுத்தவன் வாயால் கேட்டதும் இருந்த குழப்பம் இரட்டிப்பானது. மதியமே லீவு சொல்லிவிட்டு, அன்னம்மாளிடம் காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஊரெல்லாம் கேட்டவர், கேட்க வேண்டியவளிடம் வீறாப்பில் கேட்காமல் இருந்தார். இப்போது கட்டிலருகே உட்கார்ந்தார்.

"கமலா, நீ எப்பிடிதான் அந்தப் பசைய எடுப்ப?"

"நான் எங்கங்க எடுத்தேன்? தொடச்சி, காய வெச்சி, நறுக்கி எண்ணெயில வதக்குவேன். கொழம்பு நல்லா கொதிச்சப்புறம் அதுல போடுவேன். அவ்ளோதான்."

"அப்ப பசை?"

"அது கெடக்கும்."

"எங்க கெடக்கும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாதாட அவளுக்குத் தெம்பில்லை. மயில்வாகனத்துக்கோ அந்தப் பதில் பிடிபடவே இல்லை. பசை கிடந்தால் பட்டறையில் முதலாளி நூலைத் திருப்பி முகத்தில் எறிவார்.

இருந்தாலும் சொன்னபடி செய்தார். காய்களைக் கழுவி, துவைத்த துண்டால் ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைத்து, முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தார். பெரிய துண்டுகளாக நறுக்கி, அகன்ற வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் போட்டார். எடுத்த எடுப்பில் நூல் விட்டது. அவர் கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போனது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் போனது. கடைசியில் சொம்பைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து திருப்பிவிட்டபோது நூல் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அறுந்தது. ஓரம் சிவக்கச் சிவக்கத் துண்டுகள் தனித்தனியாகப் பிரிந்து உருண்டன. பக்கத்து அடுப்பில் அவர் முன்பே கூட்டிக் கொதிக்கவைத்திருந்த புளிக்குழம்பில் அவற்றைப் போட்டு, இரண்டு கொதி வந்ததும் இறக்கினார். பிறகு பசையைத் தேடினார். வாணலியில் இல்லை. கரண்டியில் இல்லை. துடைத்த துண்டை உதறிப் பார்த்தார், அதிலும் இல்லை.

கமலவேணி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டு, விழுங்காமல் வைத்திருந்தாள். மயில்வாகனம் மூச்சுவிடவில்லை. அவள் விழுங்கினாள். இன்னொரு வாய். இன்னொன்று.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

போட்டார். பாதி தரையில் விழுந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரி இல்லை. ஆனாலும் மனிதருக்கு மனசு ஆறவில்லை.

"கமலா, சத்தியமா சொல்லு. அந்தப் பசை எங்கதான் போச்சு?"

அவள் தட்டிலிருந்து ஒரு வெண்டைத் துண்டை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தேய்த்தாள். பிறகு கையைத் தூக்கி, வளையல்கள் முழங்கைக்குச் சரிய, அதை அவர் காதருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.