மேசையில் மூன்று ஓட்டைகள்

இடம்பெயர்ந்தபோது கிறீஸ் பூசி, தறப்பாளில் சுற்றி, வளவுக்குள் நான் புதைத்துவிட்டுப்போன டிரில் மெசின், திரும்பி வந்து தோண்டியபோது இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, நெடுங்கேணி முதலாளி ஒருவர் பச்சைப் பெயின்ற் அடித்த பழைய டிரில் மெசின் ஒன்றைத் துப்பரவாக்கித் தரச்சொல்லி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

"எங்கட அப்பற்ற மெசின். கவனம்."

மண்ணெண்ணெய் பூசிச் சுரண்டினேன். வாங்கிய அன்றே கைதவறி மெசினின் இரும்பு மேசையில் நான் போட்ட மூன்று ஓட்டைகளும் பெயின்றுக்கடியில் பட்டி வைத்து அடைக்கப்பட்டிருந்தன. அப்பற்ற மெசினாம்!

துரு எடுத்து, எண்ணெய் விட்டு, என் பட்டறை நிலத்திலேயே சீமெந்து போட்டு இறுக்கினேன். எடுக்க வந்தவருக்கு ஓட்டைகளைக் காட்டினேன்.

"உங்கட அப்பர் இதை ஆருடைய வளவில தாட்டவர்?"

அவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

இப்போது அவர் கலப்பைக்கு ஓட்டை போட என்னிடம்தான் வருகிறார். எப்போதும் கடைசி ஆளாகத்தான் கூப்பிடுகிறேன்.