பிய்க்காமல் விட்ட ஒப்புட்டு

1. வாசல் மேசை

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில், போதைப் பழக்கத்தை விட வருகிறவர்களுக்கான ஒரு சிறிய வார்டில் ஆயாவாக இருந்தேன். அஞ்சாவது வரைதான் படிப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், எழுதிக் கொடுங்கள் என்று வார்டில் கேட்டதால் எழுதுகிறேன்.

எட்டுக் கட்டில். கூட்டுவது, துடைப்பது, வாந்தி எடுத்தால் பேசின் பிடிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை விசிட்டர் வரும்போது வாசல் மேசையில் உட்கார்ந்து, கொண்டுவரும் தின்பண்டத்தைப் பிய்த்துப் பார்க்க வேண்டும். வடைக்குள் வைத்துக்கூட மாத்திரை வந்திருக்கிறது.

மூன்றாவது கட்டிலில் செல்வராசு, பல்லடத்துப் பக்கம் தறி ஓட்டினவன். தூக்க மாத்திரையும் போதை ஊசியுமாகப் பழகி, அறுந்த நூலை முடிச்சுப் போடக்கூட விரல் நிற்காமல் போனது. டம்ளரை நான் பிடித்தால்தான் காப்பி குடிப்பான். குடித்துவிட்டு, “சங்கடமா இருக்குதுங்க ஆயா” என்பான்.

ஊர்ப் பண்டிகையான நோம்பிக்கு அடுத்த ஞாயிறு அவன் அம்மா ஒப்புட்டு, அதாவது இனிப்புப் பூரணம் வைத்த போளி, சுட்டு வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் கையை நீட்டியதும், “சாமிக்கு வெச்சதுங்க அம்மணி. முழுசாக் குடுத்துப்போடறனே” என்றார். ஒரு தாய் சாமிக்கு வைத்ததை அவர் கண்ணெதிரே பிய்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கொண்டுபோங்க என்று விட்டுவிட்டேன்.

2. காலை வட்டம்

மறுநாள் செல்வராசின் தலையணை உறைக்குள் நர்ஸ் மூன்று மாத்திரை எடுத்தார். மாத்திரையின் வெள்ளித்தாளில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அழுக்கு என்று அவர் நினைத்தார். அது ஒப்புட்டுப் பூரணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தினமும் காலையில் எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது வார்டு வழக்கம். உள்ளே போதை வைத்திருந்தவன் வெளியே போக வேண்டும் என்பது விதி. என்ன செய்யலாம் என்று டாக்டரம்மா அவர்களையே கேட்டார்.

குடியை விட வந்திருந்த காலேஜ்காரர் ஒருவரை எல்லோரும் புரொபசர் என்போம். அதிகப் பேருக்கு எது நல்லதோ அதுதான் நியாயம், ஒருவனை வைத்துக்கொண்டால் ஏழு பேருடைய உறுதி ஆடிப்போகும், ஏழு குடும்பம் கெடும் என்றார். “அந்த மாத்திரை என் கண்ணுல பட்டிருந்தா நானே முழுங்கியிருப்பனுங்க. அதான் பயம்.” அவர் சொன்னதில் பொய் இல்லை.

லாரி டிரைவர் பழனிச்சாமி கேட்டார்: “கணக்கு சரிதானுங்க. நாளைக்கு அந்த ஒருத்தன் நீங்களா இருந்தா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். “அப்பவும் என்னை அனுப்பறதுதானுங்க சரி” என்றார் புரொபசர். குரல் இறங்கியிருந்தது.

செல்வராசு, தானே ஆள் வைத்து வாங்கினதாகச் சொன்னான். அம்மா பேச்சையே எடுக்கவில்லை. வெளியே போனால் நேராக ஊசியிடம்தான் போவான். முன்பு அப்படி அனுப்பின ஒருவர் ஒரு மாதம்கூட உயிரோடு இல்லை.

நான் துடைப்பத்தோடு ஓரமாக நின்றிருந்தேன். பேசினால் வேலை போகும். எப்படி வாய் வந்ததோ தெரியாது.

“அவுங்கம்மா கொண்டாந்த ஒப்புட்டை நான் பிய்க்காம உட்டுப்போட்டனுங்க. விதின்னா என்னையும் அனுப்போணுமுங்க.”

செல்வராசு முகத்தை மூடிக்கொண்டான். “நான் நடுங்கறதை அம்மாவால பாக்க முடியலீங்க. அதான் உள்ள வெச்சுக் கொண்டாந்தாங்க. நான் கேக்கலீங்க. ஆனா வேண்டாம்னும் சொல்லலை. ரெண்டு முழுங்கிட்டேன். மிச்சத்தை வீச மனசு வரலை.”

அடுத்துப் புரொபசர்தான் பேசினார். “எட்டுப் பேருன்னுதான் எண்ணினேன். அவனை அனுப்பினா கூடவே அழியற அந்தம்மாவை எண்ணாம உட்டுட்டனுங்க” என்றார். அவன் இருக்கட்டும், ஆனால் தன் கட்டிலை மட்டும் தள்ளிப் போடச் சொன்னார். பயம் போகவில்லை.

செல்வராசை வைத்துக்கொண்டார்கள். நடுக்கம் அடங்கும்வரை அம்மா தினமும் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தம்மா அழுதுகொண்டே வந்தார், ஆனாலும் வந்தார். எனக்கு நல்ல திட்டு கிடைத்தது. வேலை போகவில்லை.

3. அடுத்த ஞாயிறு

செல்வராசின் அம்மா மறுபடியும் ஒப்புட்டுதான் கொண்டுவந்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, “நீங்களே பிச்சுப்போடுங்க அம்மணி” என்றேன். ஒவ்வொன்றையும் சின்னச் சின்னதாகப் பிய்த்து இலையில் பரப்பினார். எட்டுப் பேருக்கும் கொடுத்தார். புரொபசர்தான் முதலில் கை நீட்டினார்.

செல்வராசு வீட்டுக்குப் போய், ஒருமுறை பழைய பழக்கத்தில் சறுக்கித் திரும்ப வந்தான். அப்படி வந்தபோது டம்ளரை அவனே பிடித்தான்.

மரியாதை பார்த்து வேலையை விட்டது என் தப்பு. யார் கொண்டுவந்தாலும் பிய்க்காமல் விடாதீர்கள். பிய்க்கிற கை மட்டும் அவர்களுடையதாக இருக்கட்டும்.