பாஸ்காவுக்கு வைத்திருந்த ஆமை

தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், அந்தக் குறையெல்லாம் தீரும்படி, பெரிய வியாழனன்று அப்பாவின் வலையில் பெரிய கடலாமை ஒன்று விழுந்தது. அப்பாவும் சித்தப்பாவும் அதைக் கொல்லைக்கு இழுத்துவந்து, மூச்சுப் பிடித்து மல்லாத்திப் போட்டு, முன்கால்களைக் கயிற்றால் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை, நோன்பு முடியும் பாஸ்காவன்று யார் யார் வீட்டுக்குப் பங்கு போகும் என்று சித்தப்பா அப்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆமையின் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினேன்.

“அழுவுதுப்பா.”

“அழுகை இல்ல ஏளா, உப்பு. ஆமைன்னா அப்படித்தான்” என்றார் அப்பா. சொன்னவர் ஆமையின் பக்கம் திரும்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கொல்லையில் அப்பா மட்டும் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். மீன் கத்தியால் கயிற்றை அறுத்தேன். பிறகு ஓட்டின் விளிம்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவே இல்லை. அம்மா கோவிலுக்குக் கூப்பிட்டாள். அழுத முகத்தோடு போய், மாதாவின் முன் நின்று, இனி சாகும்வரை ஆமைக்கறி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன்.

திரும்பி வந்தபோது ஆமை இல்லை. கொல்லையிலிருந்து கடல்வரை மணலில் அகலமாக ஒரு தடம் இருந்தது.

சித்தப்பா குதித்தார். “எப்படிண்ணே போவும்? நாம ரெண்டு பேரு சேந்துல்லா மல்லாத்துனோம்!”

“கயிறு நைஞ்சிருக்கும். விடுலே” என்ற அப்பா, அறுந்த கயிற்றை எடுத்து அடுப்பில் போட்டார். கத்தி பட்ட நுனியை அவர் கவனிக்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் முட்டைக் குழம்புதான். பங்கு எதிர்பார்த்த சொந்தக்காரர்களிடம் அப்பா நிறைய ஏச்சு வாங்கினார். நானோ, தள்ளியது பாதி நான், மீதி மாதா என்று பல வருடம் பெருமையாக இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வலது கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டது நான்தான்.

“வள்ளத்த இழுத்தேம்ளா, புடிச்சிக்கிட்டு” என்றார்.

பெரிய வெள்ளி முதல் பாஸ்கா முடியும்வரை எங்கள் கரையில் யாரும் வள்ளத்தைத் தொடுவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது உறைக்காமல், “நல்லா அமுக்கித் தேய்க்கட்டுமாப்பா?” என்று மட்டும்தான் கேட்டேன்.