எச்சில் சொன்ன சாட்சி

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் வெள்ளைப் பஞ்சுத் துண்டு. நெல்லித்தோப்பு வீட்டில், இரவு பதினொரு மணிக்கு, அக்கா அந்தப் பஞ்சை வாயில் அதக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிடம் ஆனதும் நான் செல்போனில் நேரம் பார்த்துச் சொன்னேன். பஞ்சைக் குழாயில் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் இரவும் அப்படியே.

அக்கா பெண்கள் பள்ளியொன்றில் விளையாட்டு டீச்சர். கோ-கோ ஆடியே வளர்ந்த உடம்பு இரண்டு வருடத்தில் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. முகம் வட்டமாக உப்பியது, வயிறு பெருத்தது, கைகால்கள் மட்டும் மெலிந்தன. வயிற்றில் ஊதா நிறக் கோடுகள். மைதானத்தில் உட்கார்ந்தால் பிள்ளைகள்தான் தூக்கிவிட வேண்டும். பிரஷரும் சர்க்கரையும் ஏறின. போன இடமெல்லாம் "சோத்தக் கொறைங்க" என்றார்கள். அவள் சாப்பிட்டதே கொஞ்சம்தான். தலைமையாசிரியை, "உங்களப் பாத்தா பிள்ளைங்களுக்கு ஓடணும்னு எப்படித் தோணும்?" என்று கேட்டு, அவளை நூலகத்துக்கு மாற்றினார். அன்று கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுததை வெளியே நின்று கேட்டேன்.

கடைசியில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் மருத்துவர்தான் அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தார். "என்ன சாப்பிடுறீங்கன்னு நான் கேக்கப் போறதில்லம்மா. ராத்திரி எச்சில் மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்குமாம், படுக்கும் நேரத்தில் அடங்கிவிடுமாம். சிலருக்கு அடங்குவதே இல்லை, அப்போதுதான் உடம்பு இப்படி உப்புமாம். எச்சில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"ரெண்டு ராத்திரியும் ரொம்ப அதிகமா இருக்கு" என்றார், முடிவைப் பார்த்துவிட்டு.

அக்கா என் கையை இறுக்கினாள். "அப்ப இது நோய்தானா டாக்டர்? என் மேல தப்பில்லையே?"

"துளிகூட இல்ல."

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும், "எனக்கு நோய்டீ!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வியாதி என்று தெரிந்து ஒருத்தி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்தடுத்த பரிசோதனைகளும் அதையே சொல்லின. ஸ்கேனில், இடது சிறுநீரகத்துக்கு மேலே அந்த ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பியில், நெல்லிக்காய் அளவுக் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அதன் பிறகு சில மாதங்கள் மாத்திரையும் மூட்டுவலியுமாகக் கிடந்தாள். பழைய முகம் மெல்லத்தான் திரும்பி வந்தது.

இந்த வருடம் நூலகத்திலிருந்து மைதானத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். விடுப்புக் கடிதத்தில் எல்லாம் எழுதியிருந்தும், தலைமையாசிரியை முதல் நாளே, "என்ன டயட் டீச்சர்?" என்று கேட்டாராம்.

"டயட்டெல்லாம் இல்ல மேடம். உள்ள கட்டி இருந்திச்சு, எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் ஓடினாளாம் அக்கா.