காஜா அக்கா துடைத்த சாக்ஸபோன்

அம்மாவுக்கு சாக்ஸபோன் வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு முறை ஊதிப் பார்த்தாள். வாத்து கத்தியதுபோல் ஒரு சத்தம் வந்தது. "எனக்கும் இதுக்கும் வாய்ப்பேச்சு சரிப்படாது, கைப்பேச்சு மட்டும் போதும்" என்று கீழே வைத்துவிட்டாள். ஆனால் இருபத்தாறு வருடம் அதைச் சுத்தம் செய்தவள் அவள்தான்.

அப்பா பேருந்து ஓட்டுநர். ஓட்டுநர்கள் சேர்ந்து நடத்தும் பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பவர். அம்மா சீருடை தைக்கும் யூனிட்டில் பட்டன் துளை போடும் மெஷினில் இருந்தாள். அந்தத் துளைக்குக் காஜா என்று பெயர். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. வயதில் மூத்த சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கல்யாணமான இரண்டாவது மாதம் அப்பாவைச் சந்தோஷப்படுத்த நினைத்து, கதவுக் கைப்பிடிக்குப் போடும் பித்தளை பாலிஷை எடுத்து சாக்ஸபோனின் அகன்ற வாயில் தேய்த்திருக்கிறாள். மேலே கண்ணாடிபோல் ஒரு பூச்சு இருப்பது அவளுக்குத் தெரியாது. உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்து வெறும் பித்தளை வெளியே வந்துவிட்டது. அப்பா இரண்டு நாள் பேசவில்லை. பேண்டில் கேட்டார்களாம்: "என்ன அண்ணே, கல்யாணம் உங்களுக்கு, வழுக்கை உங்க சாக்ஸுக்கா?"

அன்றிலிருந்து அதன் பெயர் வழுக்கை.

மூன்றாம் நாள் அம்மா சொல்லிவிட்டாள். "கெடுத்தது நான். இனிமே இதை நான்தான் பாத்துப்பேன். நீங்க ஊதுறதோட நிறுத்திக்குங்க."

அப்பா அப்படியே நிறுத்திக்கொண்டார். வாசித்துவிட்டு வந்து பெட்டியை மேசையில் வைப்பார். மீதி எல்லாம் அம்மா பாடு. வாயில் வைக்கும் ரப்பர்த் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவாள். சூடு கூடினால் அது நிறம் மாறிவிடும். ரீட் என்கிற நாணல் சீவலைத் துடைத்துக் கண்ணாடித் துண்டின் மேல் படுக்கவைப்பாள். குழாயின் உள்ளே இழுக்க, வெட்டி மிஞ்சிய பருத்தித் துணியில் அவளே ஒரு துடைப்பான் தைத்திருந்தாள். கயிற்றின் நுனியில் எடைக்குக் கோட்டுப் பட்டன்கள் ஏழு. கழன்ற ஸ்பிரிங்கைக் குரோஷா ஊசியால் இழுத்து மாட்டுவாள். துளைகளை மூடும் தோல் வைத்த மூடிகளுக்குப் பேடு என்று பெயர். ஒவ்வொரு பேடையும் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். 'டொப்' என்றால் சரி. 'டப்' என்றால் அப்பாவோடு கடைக்குப் போய், மெக்கானிக் வேலை முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள்.

கடைசி வேலை ஒரு காகிதம். இடது சுண்டுவிரல் இயக்கும் பேடு எப்போதும் மூடியே இருக்கும். எச்சில் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். தையல் அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தில் ஒரு கீற்று நறுக்கி அதன் அடியில் வைப்பாள், வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறுபடி அப்பா கிளம்பும்போது, அவர் ஷூ மாட்டும் சத்தம் கேட்டதும் உருவி எடுத்துவிட்டுப் பெட்டியை அவர் கையில் கொடுப்பாள்.

நான்கு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மெஷின் முன்னாலேயே போய்விட்டாள். மாரடைப்பு. கையில் பாதி முடிந்த சட்டை இருந்ததாம்.

அதற்குப் பிறகு போன வாரம்தான் அப்பா முதல் முறையாகப் பெட்டியைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை பேண்டின் ஆண்டு நிகழ்ச்சி. அதில் அவர் தனியாக வாசிக்கும் பகுதி உண்டு. மேல் சுரங்கள் வந்தன. கீழே இறங்க இறங்கக் குரல் கம்மியது. அடிச்சுரத்தில் வெறும் காற்று. மூன்று நாள் முயன்றார்.

"காத்து போயிடுச்சும்மா" என்றார் என்னிடம். "உங்கம்மாவோட போயிடுச்சு."

"மேல வருதேப்பா?"

"டயர் மாதிரிதான். தரையில படுற இடம் முதல்ல தேயும். பேண்ட் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், என் பகுதியை கிளாரினெட்காரன் வாசிக்கட்டும். வழுக்கையை பேண்ட் அலமாரியில வெச்சிடலாம். வேணுங்கறவன் எடுத்துக்கட்டும்."

நான் எரிவாயுக் குழாய்களில் கசிவு தேடும் இன்ஜினியர். மேலே சரியாக இருந்து கீழே குறைந்தால் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும், நுரையீரலை இல்லை. சொல்லத் தயங்கினேன். கசிவு இருந்தால் அது அம்மாவின் வேலையில் குறை. அதைக் கண்டுபிடித்துச் சொல்பவள் நானாக இருக்க வேண்டிவரும்.

"அலமாரி எங்கயும் ஓடிப்போகாது. எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

குழாய்க்குள் இறக்கும் சிறு விளக்கு என் வேலைப் பையில் இருந்தது. பகலிலும் இருட்டாக இருக்கும் இடம் வீட்டில் குளியலறை மட்டும்தான். கதவைச் சாத்தினோம். அப்பா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"உங்கம்மா பாத்தா, அப்பனும் மகளும் குழாய் ரிப்பேரான்னு கேப்பா."

"அதேதான்ப்பா. அமுக்குங்க."

விளக்கை உள்ளே இறக்கினேன். பேடு சரியாக உட்காராத இடத்தில் வெளிச்சம் கசியும். அவர் ஒவ்வொன்றாக மூடினார். நான் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். இருட்டு. அடுத்தது இருட்டு. அதற்கடுத்ததும் இருட்டு. இந்தப் பேடுகள் மாற்றிப் பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் நிறுவனத்தில் புது வால்வுகளே நூற்றுக்கு இரண்டு கசியும். பார்த்தவற்றையே மறுபடி ஒரு முறை சுற்றிப் பார்த்தேன்.

"என்னம்மா, மோசமா?"

"இல்லப்பா. அடுத்தது."

இடது சுண்டுவிரல் பேடின் அடியில் மயிரிழை வெளிச்சம். இடுக்கியை விட்டேன். பழுப்புக் காகிதத் துணுக்கு ஒன்று வந்தது. ஓரம் கிழிந்திருந்தது.

"என்னது இது?"

"அம்மா வைக்கிற காகிதம்."

"எந்தக் காகிதம்?"

நான் அவரைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் தன் கையில் இருந்த கருவியில் இப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. ஒரு நாளும் தெரியவேண்டி வந்ததில்லை. பெட்டியைக் கொண்டுவந்து பார்த்தேன். வால் அதன் வெல்வெட் மடிப்பில் கிடந்தது. அவர் சாக்ஸபோனை வெளியே எடுத்தபோது அறுந்திருக்கிறது. இரண்டு துண்டும் பொருந்தின. கடைசி ஞாயிறு அவள் வைத்தது. எடுக்க அவள் இல்லை. கசிவு அது மட்டும்தான்.

அப்பா அங்கேயே ஊதினார். அடிச்சுரம் முழுதாக வந்தது. ஜன்னலில்லாத அந்த அறை அதிர்ந்தது, குவளையில் தண்ணீர் நடுங்கியது. சாக்ஸபோனை என்னிடம் நீட்டிவிட்டு முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"மாஸ்டருக்கு போன் போடு" என்றார். "கிளாரினெட்காரன் அவன் வேலையைப் பாக்கட்டும்."

எனக்கு எந்தச் சோதனைக்கும் அறிக்கை எழுதிப் பழக்கம். ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினேன். பேடுகள்: இருபத்து நான்கு. தேய்ந்து கசிபவை: இல்லை. பராமரித்தவர்: காஜா அக்கா. நான் கையெழுத்துப் போட்டவற்றில் இதுதான் உயர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். தன் பகுதியில் அப்பா படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசிச் சுரத்தில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாவின் யூனிட் பெண்கள் கைதட்டியது அவருக்கு மட்டும் இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் வேறு பேண்டைச் சேர்ந்த ஒருவர் வந்து வழுக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், பழைய பீஸ், ஆனா பேடெல்லாம் கல்லு மாதிரி உக்காருது. யார்கிட்ட சர்வீஸ் குடுக்கறீங்க? விலாசம் சொல்லுங்க."

"என் சம்சாரம்" என்றார் அப்பா, நிமிர்ந்து. "வெளி வேலை எடுக்கறதில்ல."

வீட்டுக்கு வந்ததும் மேசையில் துண்டை விரித்துத் தானே உட்கார்ந்தார். பட்டன் கட்டிய துடைப்பானை ஒரு முறை இழுத்தார், மறுபடி இழுத்தார். பழுப்புக் காகிதத்தை நறுக்கிப் பேடின் அடியில் வைத்தார். வால் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

"இவ்ளோ நீளமாப்பா?"

"நான் மறந்துபோற ஆளு" என்றார். "அவளுக்கு இத்துனூண்டு போதும்."