எட்டாம் வகுப்புத் தண்ணீர்

காலையில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். என் பையில் தண்ணீர்ப் போத்தலைக் கண்டால் சிப்பாய் சிங்களத்தில் "பொன்ன", குடி, என்பான். குடித்துக் காட்டவேண்டும். ஒரு மிடறு குடித்து விழாமல் நின்றால் அது தண்ணீர். யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இராது. எனக்கு எரிச்சல் வருவது வேறு காரணத்தால். எந்தத் திரவம் எவ்வளவு ஆபத்து என்று தீர்மானிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

சண்டையில் தரைப்பாதை பூட்டியபின் உங்களுக்குச் சாமான் கப்பலில்தான் வருகிறது. அதை ஏற்றி அனுப்பும் ஒரு கந்தோரில் நான் வேலை. மலகூடம் கழுவும் அசிட்டும் தரை கழுவும் குளோரின் தண்ணீரும் வீட்டு அலுமாரியில் சாதுவாக இருக்கும். கப்பலின் அடித்தட்டில் இரண்டும் கசிந்து கலந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். ஆகவே அரிக்கும் திரவம் என்று எழுதி, லேபிள் ஒட்டி, இரண்டையும் தள்ளித் தள்ளி அடுக்கவேண்டும். ஆபத்தான சாமான்களின் பட்டியலில் அரிக்கும் திரவங்களுக்கு எட்டாம் வகுப்பு. அதற்குள் மூன்று தரம். மூன்றாவதுதான் ஆகச் சாது, குளோரின் தண்ணீர் அதில் சேர்த்தி.

என் அக்கா அங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு பிரசவ வாட்டில் தாதி. ஊரில் இருந்த காலத்தில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய், கழுவிய தரையில் செருப்போடு ஏறி, கர்ப்பிணிகளுக்கு முன்னால் நன்றாக ஏச்சு வாங்கியிருக்கிறேன். இப்போது தொலைபேசியில் கெஞ்சினார்.

"தம்பி, தரை கழுவ ஒண்டுமில்லை. வெறும் சுடுதண்ணி ஊத்தித் தேய்க்கிறம். பிள்ளை பெத்த பெட்டையளுக்குக் காய்ச்சல் வருது. குளோரின் தண்ணியெண்டாலும் அனுப்படா."

என் முதலாளி மாளிகாவத்தை ஹாஜியார். கேட்டதும் பெட்டிகளை எடுத்துத் தந்தார். நானும் பத்திரத்தை ஒரு பிழையில்லாமல் நிரப்பி, வடக்குக்குச் சாமான் அனுப்ப அனுமதி தரும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி கேட்டார், பெற்றோல் எத்தனையாம் வகுப்பு? மூன்று என்றேன். "மூன்றையே விடமாட்டோம், நீ எட்டைக் கொண்டுவந்திருக்கிறாயா?" என்று சிங்களத்தில் பாய்ந்தார். ஐயா, இது வரிசை அல்ல, எட்டு என்பது மூன்றைவிடப் பெரிய ஆபத்து அல்ல, இனம்தான் வேறு என்று என் உடைந்த சிங்களத்தில் மன்றாடினேன். அவர் என் அடையாள அட்டையைத் திருப்பினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். உனக்கு அசிட்டைப் பற்றி எப்படி இவ்வளவு தெரியும் என்றார். அதுதான் என் தொழில் என்று சொல்லச் சொல்ல, அந்தப் பதிலே எனக்கு எதிராகப் போனது. பின்னேரம் ஹாஜியார் வந்து மீட்கும்வரை ஒரு மர வாங்கில் குந்தியிருந்தேன்.

திரும்பும்போது ஹாஜியார் சொன்னார்: "தம்பி, நீங்க படிச்சதெல்லாம் எழுதப் போனா சாமான் போகாது. சோப்புத் தண்ணின்னு எழுதுங்க, சோப்புப் பெட்டியோட போயிரும்."

போயிருக்கும். ஆனால் மலகூட அசிட்டும் இப்படிச் சோப்பென்ற பேரில் போவதுண்டு, இரண்டும் அடித்தட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்கப்படும், மேலே மாலுமிகள் படுத்திருப்பார்கள். அப்படி எழுத எனக்குக் கை ஓடவில்லை. பெட்டிகளை ஏற்றாமலே கப்பல் போய்விட்டது.

"வந்ததே?" என்று அக்கா கேட்டார்.

"இல்லையக்கா. எட்டாம் வகுப்பெண்டு மறிச்சுப்போட்டாங்கள்."

"வேற பேரிலை அனுப்பேலாதே?"

"கப்பலிலையும் ஆக்கள் இருக்கினமக்கா. அசிட்டோட கலந்தா செத்துப்போவினம்."

"இஞ்சையும் ஆக்கள் இருக்கினம்" என்றார். "நீ இப்ப கொழும்பு ஆள்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். யாழ்ப்பாணத்தான் என்று வாங்கில் இருத்தப்பட்டவனுக்கு இது கிடைத்தது. கோபத்தில் ரிசீவரை ஓங்கி வைத்தேன், யார்மேல் கோபம் என்று இன்னும் பிடிபடவில்லை.

குளோரின் தண்ணீருக்கு ஆயுசு குறைவு. வைத்திருக்க வைத்திருக்க வெறும் உப்புத் தண்ணீராகிவிடும். மத்தியானத்தில் ஸ்டோருக்குப் போய் ஒரு மூடியைத் திறந்து மணந்து பார்க்கிறேன். இன்னும் மூக்கில் ஏறுகிறது. பெட்டியின் ஒரு பக்கத்தில் என் வெள்ளவத்தை விலாசம், மறுபக்கத்தில் அக்காவின் வாட்டு, நடுவில் நான் ஒட்டிய எட்டாம் வகுப்பு லேபிள். அதை உரித்துவிட்டால் அடுத்த கப்பலில் சோப்புத் தண்ணீராகப் போய்விடும். அதன் ஓரத்தில் நகத்தை வைக்கிறேன். உரிக்கவும் மனம் வரவில்லை, கையை எடுக்கவும் மனம் வரவில்லை.